பாட்டெல்லாம் யார் பேரில் இருக்கிறது?

“பேங்க் வேலையை விட்டுட்டேன்மா” என்று ஃபைஹா சொன்னபோது நான் பிரியாணிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது இங்கிலீஷில். ஜெர்சி சிட்டியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் புரியும், வாயில் வராது. இங்கே நான்தான் தமிழில் மாற்றிச் சொல்கிறேன்.

வேலையை விட்டுவிட்டு என்ன செய்யப் போகிறாளாம்? ஜசிந்தோ என்று ஒரு போர்ச்சுகீசியப் பாடகன். தானே பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டாரும் கையுமாக நியூவார்க் ரெஸ்டாரன்ட்களில் பாடுகிறவன். வாரக் கடைசியில் அவனுக்கு இவள் சவுண்ட் பார்த்துக் கொடுக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இப்போது அவனுடைய மேனேஜரே இவள்தானாம். அடுத்த வெள்ளிக்கிழமை வேனில் கிளம்பி ஊர் ஊராகக் கச்சேரியாம். பாஸ்டன் பக்கம் தொடங்கி கலிஃபோர்னியா வரைக்கும்.

“வேன்ல யார் யாரு?”

“ஜசிந்தோ, டிரம்மர், நான்.”

“டிரம்மர் ஆம்பளையா?”

“பொண்ணுதான்மா.”

நான் நம்பவில்லை. எந்த ஊரில் பொம்பளை டிரம் அடிக்கிறாள்? வெங்காயம் தீய்ந்துபோனது. அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் பசீரிடம் சொன்னேன். “டூர் எல்லாம் சும்மா. ரெண்டு பேருக்கும் நடுவுல என்னவோ இருக்கு. உங்க பொண்ணு நம்ம கண்ணுல மண்ணைத் தூவுறா.”

“அவளையே கேளேன்” என்றார் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

“கேட்டா சொல்லிடுவாளாக்கும்!”

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் என்று வந்தால் ஆளிடம் யாரும் கேட்பதில்லை. ஆளிடம் கேட்டால் எவன் உண்மையைச் சொல்வான்? அவன் தெருவில் விசாரிக்க வேண்டும், டீ குடிக்கிற கடையில் விசாரிக்க வேண்டும். குடி உண்டா, முதல் பெண்டாட்டி உண்டா, சொத்து யார் பேரில் இருக்கிறது. என் அத்தா மண்ணடியில் பசீரைப் பற்றி ஓர் இஸ்திரிக் கடையில் விசாரித்த பிறகுதான் எனக்கு நிக்காஹ் பேசினார். இதில் தப்பு என்ன இருக்கிறது? அமெரிக்கா வந்துவிட்டால் பெற்றவர்களுக்கு வயிற்றில் நெருப்பு இருக்காதா?

சனிக்கிழமை பக்கத்து அப்பார்ட்மென்ட் அஃப்சானாவைக் கூட்டிக்கொண்டு ஜர்னல் ஸ்கொயரில் ரயிலேறினேன். நியூவார்க்கில் போர்ச்சுகீசியர் இருக்கிற பேட்டையில் இறங்கி நடந்தோம். யூடியூபிலிருந்து எடுத்த அவன் படம் என் போனில் இருந்தது. முகம் என்னவோ நல்ல முகம்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் ஒரு பேக்கரி. சும்மா போய்க் கேட்கக்கூடாது என்று கஸ்டர்ட் டார்ட் ஒரு டப்பா வாங்கினேன். அதில் பன்றிக்கொழுப்பு இருக்குமோ என்று வாயில் வைக்கவில்லை. கல்லாவில் இருந்த அம்மாள் படத்தைப் பார்த்ததும் சிரித்தாள். “எங்க ஜசிந்தோ! என்ன குரல்! முதல் ஆல்பம் வந்தப்போ இந்தத் தெருவே பாடிச்சு.”

“இப்போ?”

“இப்போ அந்தப் பாட்டையெல்லாம் அவன் பாடுறதில்லை.”

நான் அஃப்சானாவைப் பார்த்தேன். ஓடிய பாட்டை ஒருத்தன் ஏன் பாடாமல் இருக்கிறான்? எங்கோ இடிக்கிறது.

அடுத்து முடிவெட்டுகிற கடை. அங்கே ஒரு கிழவர், ஆல்பத்துக்குப் பிறகு ஜசிந்தோ கொஞ்ச காலம் கண்ணிலேயே படவில்லை, ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினான் என்று கேள்வி, இப்போதுதான் புதுப் பாட்டு எழுதிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான் என்றார்.

“ஜெயில்தான்டி” என்று அஃப்சானா என் காதைக் கடித்தாள். “கிடங்காவது, பெட்டியாவது!”

எனக்குப் பகீரென்றது. இனிமேல் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? நேராகக் கேட்டேன். சொந்த வீடு உண்டா? ஊரில் பெண்டாட்டி உண்டா? பாட்டெழுதுகிறவனுக்குப் பாட்டுதானே காணி நிலம். அதனால் அதையும் கேட்டுவைத்தேன். “அவனோட பாட்டெல்லாம் யார் பேர்ல இருக்கு?”

கிழவர் கத்திரியைக் கீழே வைத்தார். போய்க் கடைக் கதவை எங்களுக்காகத் திறந்து பிடித்தார். அதையும் நான் சந்தேகக் கணக்கிலேயே சேர்த்தேன்.

புதன்கிழமை ஃபைஹா வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள்.

“டூருக்கு நான் போகலை. ஜசிந்தோ வரவேண்டாம்னுட்டான்.”

அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொன்னேன். பொய் சொல்வானேன்? “ஏன்டா கண்ணு?” என்று வாய் கேட்டது.

“அவனோட பழைய மேனேஜர் ஏமாத்திட்டான்மா. முதல் ஆல்பத்துல இருந்த பாட்டு அத்தனையையும் கையெழுத்து வாங்கித் தன் பேருக்கு மாத்திக்கிட்டான். தான் எழுதின பாட்டையே அவன் இப்போ மேடையில பாட முடியாது. அந்த மேனேஜர் கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி ஆள் விட்டு அந்தத் தெருவுல விசாரிச்சிருக்கான், பாட்டெல்லாம் யார் பேர்ல இருக்குன்னு. போன சனிக்கிழமை அதே கேள்வியை யாரோ கேட்டிருக்காங்க. தலையில துணி போட்ட ரெண்டு இந்தியப் பொம்பளைங்க. நான்தான் அனுப்பினேன்னு நினைக்கிறான்.”

என்னையே பார்த்தாள். நான் டிவி ரிமோட்டைத் தேடினேன். அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நினைத்தது நடந்துவிட்டது, நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். வியாழக்கிழமை முழுக்க அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. மூடிய கதவுக்கு வெளியே தட்டோடு நின்ற எனக்கு இன்னொன்று உறைத்தது. என் பொண்ணைத் திருடி என்று சொல்ல அந்த ஜசிந்தோ யார்? பரீட்சையில் எட்டிப் பார்க்காத பிள்ளை அது! தட்டை அங்கேயே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, தன்னிடம் இருந்த வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்பினாள். நானும் பின்னாலேயே கிளம்பினேன். வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை; ரயிலில் வேறு பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ரெஸ்டாரன்ட் பின்பக்கம் வேன் நின்றது. ஒரு பெண் டிரம்மைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். ஆமாம், பெண்தான். ஜசிந்தோ கிட்டார்ப் பெட்டியோடு வெளியே வந்தான். படத்தில் இருந்ததைவிட இளைத்திருந்தான்.

“என் மகளை நீ எப்படிச் சந்தேகப்படலாம்?” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன். “அவ சோறு தின்னலை, தெரியுமா?”

அவன் என் தலைத்துணியைப் பார்த்தான். “கேட்டது நீங்கதானா? உங்களை யார் அனுப்பினாங்க?”

“யாரும் அனுப்பலை. நானாதான் வந்தேன்.”

“என் பாட்டு யார் பேர்ல இருந்தா உங்களுக்கு என்ன?”

ஃபைஹா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேறு எதைச் சொன்னாலும் அவள் திருடியாகவே நிற்பாள் என்று புரிந்தது. சொல்லித் தொலைத்தேன்.

“உனக்கும் இவளுக்கும் என்னவோ இருக்குன்னு நினைச்சேன். டூர்னு இவ சொன்னது பொய்னு நினைச்சேன். கட்டிக்கப்போற பையனை எங்க ஆளுங்க இப்படித்தான் விசாரிப்பாங்க. வீடு, வாசல், சொத்து. உன்கிட்ட வேற சொத்து இல்லை, அதான் பாட்டைக் கேட்டேன்.”

டிரம்மர் பெண் சிரித்துவிட்டாள். ஜசிந்தோ சிரிக்கவில்லை. கிட்டார்ப் பெட்டியைக் கீழே வைத்தான்.

“இந்தத் தெரு முழுக்கக் கேட்டீங்க. இவகிட்ட கேட்டீங்களா?”

“இல்லை.”

அவன் ஃபைஹா பக்கம் திரும்பினான். “நானும்தான் உன்கிட்ட கேட்கலை. மன்னிச்சிடு. வர்றியா?”

அவள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தலையாட்டினாள். பசீருக்கு போன் பண்ணித் தன் பெட்டியை மட்டும் ஊபரில் அனுப்பச் சொன்னாள். பெட்டி வந்து சேரும்வரை கேபிள்களைச் சுருட்டிச் சுருட்டி அடுக்கினாள். என் பக்கம் ஒரு தடவையும் திரும்பவில்லை. நான் விசாரித்தது தப்பு என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனாலும் கீழே கிடந்த ஒரு கேபிளை எடுத்து நானும் சுருட்டினேன்.

வேன் கிளம்புகிற நேரம் ஜன்னல் பக்கம் போனேன். “எப்படா கண்ணு திரும்பி வருவே?”

“என்கிட்ட ஏன் கேக்குறே?” என்றாள் ஃபைஹா. “வெளியில விசாரிச்சுக்கோ.”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.