மாமியாரின் அந்துப்பூச்சியும் என் ஈப்பிடிப்பானும்

1

"சும்மா புலம்பாம எழுதித் தொலைங்க" என்று என் மனைவி சொன்னதால் பிறந்த கதை இது. குற்றங்குறைகளை அவளிடமே சொல்லுங்கள்.

'கண்டங்களைக் கடந்து வலசை வரும் பறவைகள்…' என்று ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.

'என் மாமியார் ஒரு…' (வேண்டாம். அவரும் படிப்பார்.)

2

மாமனார் காலமான பிறகு மாமியாரை எங்களோடு அழைத்து வந்தோம். ஓய்வு பெற்ற நர்ஸ். வீட்டில் ஒட்டவே இல்லை. "அடுத்த வாரம் கிளம்பறேன்" என்பதே பேச்சு. போய்விடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். (மாப்பிள்ளைதான் சொல்கிறேன். நம்புங்கள்.)

எனக்குத் தோட்டத்துப் பறவைகள் என்றால் பைத்தியம். அவருக்கு அந்துப்பூச்சிகள். ஒருநாள் மாலை தன் வெள்ளைப் பெட்ஷீட்டைக் கொடியில் போட்டு, பின்னால் பல்பு மாட்டினார். விடிந்ததும் அதில் ஒட்டியிருந்த பூச்சிகளை, வார்டில் ரவுண்ட்ஸ் போவதுபோல ஒவ்வொன்றாக விசாரித்தார். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். பிறகு தினமும் மாலையில் பெட்ஷீட் கொடியேறியது.

3

போன திங்கட்கிழமை காலை என் ஈப்பிடிப்பான் வந்தது. ஆண்டுதோறும் கடல் தாண்டி வரும் குட்டிப் பறவை. அது இருக்கும்போது வீட்டில் யாராவது தும்மினால்கூட எனக்குப் பொறுக்காது. வந்ததும் வராததுமாகப் பெட்ஷீட்டைப் பார்த்தது. பந்தியே விரித்திருக்கிறதே! நட்டநடுவில், மாமியார் நெடுநாளாகக் காத்திருந்த பச்சை அந்துப்பூச்சி.

(இங்கே நான் புலியாகப் பாய்ந்ததாக எழுதியிருந்தேன். உண்மையில் செருப்பு வழுக்கியது.) கையைத் தட்டிக் கத்தினேன். பறவை பறந்தேவிட்டது.

"ஏன் மாப்பிள்ளை விரட்டினீங்க?"

"உங்க பச்சைப் பூச்சி, அத்தை…"

"பூச்சி கெடக்கட்டும்! அவ்ளோ தூரம் பறந்து வந்திருக்கு. வந்த எடத்துல பசிக்காதா? ஒரு வாய் திங்கறதுக்குள்ள இப்படியா தொரத்துவாங்க?"

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். உள்ளே போய் மகளிடம் அறிவித்தார்: "அது திரும்பி வந்து சாப்பிடறதைப் பாக்காம நான் கிளம்பறதா இல்லை."

4

பூனை கவ்விக்கொண்டு போனதாக ஒரு முடிவு எழுதினேன். மாமியார் படித்துவிட்டு, "வாயைக் கழுவுங்க மாப்பிள்ளை" என்றார். மறுநாளே பறவை திரும்பியதாக இன்னொன்று எழுதினேன். அழகாகவே வந்திருந்தது. அவர் பார்ப்பதற்குள் கிழித்துவிட்டேன்.

இப்போது தினமும் காலையில் ஜன்னலோரம் நாங்கள் இருவரும் டீயோடு காத்திருக்கிறோம். அவர் ஆஸ்பத்திரிக் கதைகள் சொல்வார், நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். "சீக்கிரம் வரணுமே" என்பார். நானும் தலையாட்டுவேன்.

முடிவு உங்கள் பொறுப்பு. பறவையைக் கொண்டுவந்து சேர்க்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். கொண்டுவாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் மெதுவாக. இங்கே ஒன்றும் அவசரமில்லை.