கப்பலேறிய கங்கைச் செம்பு

“மூடியே இருக்குற செம்புக்குள்ள கங்கைத் தண்ணிதான் இருக்குன்னு எப்படிம்மா தெரியும்?”

கலைமதி சிறு பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை இப்படிக் கேட்டாள். பூஜை அலமாரியில் வாயை ஈயம் வைத்து அடைத்த செப்புச் செம்பு ஒன்று இருந்தது. அவள் தாத்தா காசிக்குப் போனபோது வாங்கி வந்தது. வீட்டில் யாருக்காவது கடைசி மூச்சு இழுக்கும்போது திறந்து வாயில் விடுவதற்காக வைத்திருந்தார்கள். வனிதா மகளுக்கு யோசிக்காமல் பதில் சொன்னாள்.

“சாமி பேரச் சொல்லி யாருடி பொய் சொல்லுவா?”

அந்தப் பிள்ளை இப்போது திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கிறது. வனிதாவோ அந்தப் பதிலைக் கப்பலேறிய நாள்வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் கோபிநாத்துக்குக் கறம்பக்குடியில் உரக்கடை. நன்றாக விற்றுக்கொடுத்த கடைக்காரர்களைப் பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்று சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் மனைவியோடு அழைத்துப் போனது. அறையும் சாப்பாடும் கம்பெனி செலவு, குடிக்கிற சரக்கு மட்டும் அவரவர் பாடு. கப்பலில் அது விற்கிற விலையைக் கேட்டுக் கடைக்காரர்களுக்கு முகம் செத்துப்போனது. வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாதென்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் போனாலும் மோந்து பார்த்துப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஆலங்குடிக் கடைக்காரர் சூர்யபிரகாஷ் வருத்தப்பட்டார். யாரும் திறக்கத் துணியாத பாத்திரம் எதுவென்று கோபிநாத் வீடு முழுக்கத் தேடினார். பூஜை அலமாரிக்கு முன்னால் நின்றார்.

ஈயத்தை உருக்கித் திறந்து, கங்கையைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றி, பிராந்தியை நிரப்பி மறுபடி அடைத்துக் கொண்டுவந்தார். மஞ்சள் துணி சுற்றிக் குங்குமமும் வைத்தார். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கென்று வைத்திருப்பதாயிற்றே என்று வனிதா தடுத்துப் பார்த்தாள்.

“அம்மா இன்னும் பத்து வருசம் இருக்கும். வந்ததும் தண்ணி ஊத்தி அடச்சுட்டாப் போச்சு. நம்ம பைப்புல வாரதும் ஆத்துத் தண்ணிதான?” என்று சிரித்தார்.

கப்பல் வாசலில் பைகளைச் சோதிக்கும் இடத்தில் சீருடை போட்ட பெண் ஒருத்தி நின்றாள். கோபிநாத், “இங்கிட்டு வா வனிதா” என்று கூப்பிட்டதைக் கேட்டதுமே அவள் முகம் மலர்ந்தது. பெயர் ஷர்லி. கறம்பக்குடிக்குப் பக்கத்துக் கிராமம்தான். அப்பா இல்லாத வீட்டுக்கு அவள் சம்பளம்தான் அடுப்பெரித்தது. செம்பைத் திருப்பிப் பார்த்தாள். தன் அப்பாவின் நினைவாகக் கடலில் விடக் கொண்டுபோகும் கங்கை என்றார் கோபிநாத். திறந்து பார்ப்பதுதான் சட்டம். அவள் திறக்கவில்லை.

“எங்க பக்கத்து வீட்டுலயும் இது இருந்துச்சு. நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கதான், ஆனாலும் தொடவே பயப்படுவோம். சாமி பேரச் சொல்லி யாரு பொய் சொல்லப் போறாங்க, கொண்டு போங்க அக்கா” என்று செம்பைக் கண்ணில் ஒற்றி வனிதாவின் கையில் கொடுத்தாள்.

திறந்து பார்க்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்தப் பெண்ணிடம்தான் அன்று சாமி இருந்தார். வனிதாவுக்குத் தன் வார்த்தையே திரும்பி வந்து நெஞ்சில் குத்தியது. ஆனாலும் செம்போடு உள்ளே நடந்தாள்.

அன்று மாலை கடல் ஆட்டம் தாங்காமல் வனிதா வாந்தியெடுத்துச் சுருண்டபோது, அவளைத் தேடிவந்ததும் ஷர்லிதான். ஊரிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, காய்ந்த நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். “வாயில அடக்கிக்கங்க அக்கா, குமட்டல் நிக்கும்.” நின்றது.

மறுநாள் ஆண்கள் எல்லாம் கோபிநாத்தின் அறையில் கூடி, பங்காளி எனக்கும் தீர்த்தம் கொடு என்று கைநீட்டி நீட்டி வாங்கிக் குடித்தார்கள். சூர்யபிரகாஷ் மாடிப்படியில் உருண்டு நெற்றியைப் பிளந்துகொண்டார். எங்கே குடித்தாய் என்று கேட்டவர்களிடம், கங்கையில் என்றார். கங்கைச் செம்பு கொண்டுவந்த கோபிநாத்தின் அறையைச் சோதித்தார்கள். செம்பு அகப்பட்டது.

விசாரித்த அதிகாரி தமிழ்க்காரர். பூச்சிமருந்துக் கம்பெனிக்கு எழுதினால் ஏஜென்சியே போய்விடும் என்றதும் கோபிநாத்துக்கு வியர்த்துவிட்டது.

“அது நம்ம ஊருப் பொண்ணு சார். தெரிஞ்சுதான் விட்டுச்சு.”

அதிகாரி வனிதாவைப் பார்த்து, அது உண்மையா என்று கேட்டார். சுவரோரம் நின்ற ஷர்லியும் அவளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். வனிதா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவே சாட்சியாகிவிட்டது.

சென்னையில் இறங்கும்போது ஷர்லியும் தன் பெட்டியோடு இறங்கினாள். கடந்து போனவள் நின்று, “ஒடம்பு தேவலையா அக்கா?” என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் வனிதா தாங்கியிருப்பாள்.

செம்பு மறுபடி பூஜை அலமாரிக்கு வந்தது, குழாய்த் தண்ணீரோடு. ஷர்லி புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நாள்முழுக்க நின்று புடவை விரித்துப் போடுகிறாள் என்று கேள்விப்பட்டார்கள். வேறு கப்பல்களிலும் அவளை எடுக்கவில்லையாம். கோபிநாத் அதைக் கேட்டபடியே சாப்பிட்டு எழுந்தார்.

தை பிறந்ததும் மாமியார் மருதாயிக்கு மூச்சு இழுத்தது. பேச்சு நின்றுபோயிருந்தாலும் கண் அலமாரியையே பார்த்தது. உறவெல்லாம் சுற்றி நிற்க, கோபிநாத் செம்பைத் திறந்து தாயின் வாயில் விட்டார். பிராந்தி வாடை இன்னும் போகவில்லை. கிழவியின் முகம் சுளித்ததை வனிதா கண்டாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு கோபிநாத் அழுதது நிஜமான அழுகை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

காரியம் முடிந்து உறவுகள் கலைந்தன. கோபிநாத் கடைக்குப் போயிருந்த மத்தியானம், வனிதா பழைய கப்பல் டிக்கெட்டைத் தேடியெடுத்து அதிலிருந்த எண்ணுக்குப் பேசினாள். அந்தப் பெண் மேல் தப்பில்லை, கங்கை என்று பொய் சொன்னது தன் வீட்டுக்காரர், பார்த்துக்கொண்டு நின்றது தான் என்று கோர்வையில்லாமல் சொன்னாள். எழுதிக் கொடுத்தால் ஷர்லியின் பெயரைச் சரிசெய்ய வழியுண்டு என்றது மறுமுனையில் பேசிய குரல். ஆனால் கூட்டிவந்த மருந்துக் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்றது.

“தெரியட்டுங்க.”

“ஷர்லி உங்களுக்கு என்ன உறவு?”



“எங்க ஊருப் பொண்ணு” என்றாள் வனிதா.

பிறகு பூஜை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, படமெடுத்து அனுப்பினாள். வீட்டில் யாரும் இல்லை.