அப்பன் எழுதுன ஊரு

"தங்கிக்கறேன்னு தானுங்க கேக்கறேன்? ஆஸ்பத்திரியவே பேத்து எடுத்துக்கிட்டுப் போறேன்னா கேட்டேன்?"

தெரசா இப்பிடிக் கேட்டதும் குமாஸ்தா பேனாவக் காதுல சொருவிக்கிட்டு சிரிச்சாரு. அவளுக்குச் சிரிப்பு வரல. எப்பிடி வரும்? மூணு வருசம் பெங்களூர்ல நர்சு படிப்பு. பீச்சட்டி கழுவுனதுல ஆரம்பிச்சு ஆப்பரேசன் ரூம்புல கத்தி எடுத்துக் குடுக்கற வரைக்கும் வந்துட்டா. பாசானவங்க லிஸ்டுல மொதப் பேரு அவ பேரு தான். மேட்ரனம்மா வெள்ளக்காரி, ஒருத்தியயும் வாயத் தொறந்து நல்லா இருக்குதுன்னு சொன்னவ இல்ல. அவளே கூப்ட்டு, "முப்பதாந் தேதிக்குள்ள காயிதத்தக் குடு, பிரசவ வார்டு ஒனக்குத் தான்"னுட்டா. காயிதம்னா வேற ஒண்ணுமில்ல, தெரசா மைசூர்க்காரின்னு ஒரு காயிதம். அதுல தான் மாட்டிக்கிச்சு.

இது முப்பத்தெட்டாம் வருசம். பெங்களூரு மைசூர் மகாராசா சீமை. அவ ஊரு இருக்கற தருமபுரி வெள்ளக்காரன் சீமை, மதராஸ் மாகாணம், சேலம் ஜில்லா. காலைல பஸ் ஏறுனா பொழுது சாயறதுக்குள்ள எறங்கிரலாம். நடுவுல கடலு கூட இல்ல. ஆனா வேலைன்னு வந்துட்டா அது வேற நாடு, இது வேற நாடு.

"நோடம்மா, இங்க பாரு,"ன்னாரு குமாஸ்தா. "மதராஸ்காரங்க வந்து படிக்கலாம், பேஷா படிக்கலாம். முடிச்சதும் மூட்டையக் கட்டிரணும். சர்க்கார் வேலை இந்தச் சீமைப் புள்ளைங்களுக்கு."

"தங்கறதுக்கு வழியே கெடையாதுங்களா?"

"ஏன் இல்ல, மூணு வழி இருக்குது. ஒங்கப்பன் இங்க வூடு வாசல்னு வாங்கிப் பத்து வருசம் குடியிருக்கணும்."

"எங்கப்பா இண்டூர் பக்கத்துல கோயில் உபதேசியாருங்க. சாமியார் வராத ஞாயித்துக்கெழமை செபம் சொல்லிக் குடுக்கறவரு. அவரு எங்கீங்க பெங்களூர்ல வூடு வாங்க?"

"அப்ப இந்த ஊர்க்காரன் ஒருத்தனக் கட்டிக்க. புருசன் எந்தச் சீமையோ பொண்டாட்டி அந்தச் சீமை."

"கல்யாணம் ஆனா நர்சு வேலையவுட்டு நிறுத்திருவீங்களே!"

"அது வேற ரூலு. பக்கத்து ரூம்புல கேளு. நான் என் ரூலத் தான சொல்ல முடியும்?"

"மூணாவது என்னங்க?"

"இங்கயே பொறந்திருக்கணும். அதுக்கு நீ கொஞ்சம் முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

அவரு கிண்டலுக்குத் தான் சொன்னாரு. ஆனா தெரசாவுக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. "நான் இங்க தானுங்க பொறந்தேன்!"

நெசந்தான். அவ அம்மா சாலம்மாளுக்குத் தாய்வூடு ஆனேக்கல். பிரசவத்துக்கு அங்க போனா. தெரசா அங்க பொறந்து, அந்தக் கோயில்லயே ஞானஸ்நானமும் ஆயி, மூணாம் மாசந்தான் இண்டூர் பக்கம் வந்தா. ஆனேக்கல் மைசூர் சீமை! இத்தன நாளு இது ஒரு சேதின்னே அவளுக்குத் தோணல.

அடுத்த நாளே ஆனேக்கல் போய்ட்டா. சாமியார் பழைய புஸ்தகத்தப் பெரட்டி, பேரு, தேதி, பொறந்த ஊரு எல்லாம் எழுதி முத்திரை குத்திக் குடுத்தாரு. திரும்பி வர்ற பஸ்சுல அந்தக் காயிதத்த நாலு தடவ பிரிச்சிருப்பா. போன மாசம் வார்டுல ஒரு கொழந்த கால் மொதல்ல வந்துச்சு. டாக்டர் வர்றதுக்குள்ள இவ கையாலயே எடுத்து, தலகீழாப் புடிச்சு ரெண்டு தட்டு தட்டி அழ வெச்சா. அந்த அழுகைச் சத்தம் இன்னும் காதுல இருக்குது. ஊருக்குத் திரும்பிப் போனா அந்தக் கைக்கு என்ன வேலை? அரிசி பொடைக்கலாம். வேறென்ன?

குமாஸ்தா காயிதத்தப் பாத்தாரு. "பரவால்லியே"ன்னு சொல்லிட்டு, மூணு வருசத்துக்கு முந்தி சேந்தப்ப குடுத்த பாரத்தத் தூசி தட்டி எடுத்தாரு. அதுல அவ அப்பன் சவுரியப்பன் உபதேசியார் எழுத்து முத்து முத்தா நின்னுச்சு. 'பொறந்த எடம்'னு கேட்ட கட்டத்துல அவரு சொந்த ஊரு, சேலம் ஜில்லா. 'எழுதியது அனைத்தும் சத்தியம்'னு கீழ கையெழுத்து.

"எது பொய்யி? இதுவா, அதுவா?"

"இது தானுங்க, அப்பா எழுதுனது..." சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டா.

"அப்ப ஒங்கப்பன் மாஜிஸ்திரேட் முன்னால நின்னு, நான் எழுதுனது தப்புன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கட்டும். முப்பதுக்குள்ள."

அன்னிக்கு ராத்தங்கல, பஸ் ஏறிட்டா.

சவுரியப்பன் ஊருல யாருன்னு தெரிஞ்சா தான் மத்தது புரியும். அந்த ஊருல முக்காவாசிப் பேரு கைநாட்டு. நெலம் விக்கறதா, மனுப் போடறதா, பங்கு பிரிக்கறதா, "உபதேசியார் கையெழுத்து இருக்குதா?"ன்னு தான் மொதல்ல கேப்பாங்க. இருந்தா அதுக்கப்பறம் பேச்சு கெடையாது. அப்பிடிப்பட்ட மனுசன் கிட்டப் போயி, நீங்க எழுதுனது தப்புன்னு எழுதுங்கன்னு மவ கேக்கறா.

"நான் பொய் எழுதனேன்னு நானே சத்தியம் பண்ணணுமா?"

"பொய்யின்னு வேணாம்ப்பா. தவறுதலா எழுதிட்டேன்னு சொல்லுங்க, போதும்."

"தவறுதலா எழுதல. பொறந்த எடம்னு தெளிவாத் தான் கேட்டிருந்தான், தெரிஞ்சு தான் எழுதுனேன். ஒங்கண்ணன், நான், எங்கப்பன், அத்தன பேரும் ஆயா வூட்ல பொறந்தவங்க தான். எவனாச்சும் அத எழுதறானா? அது பெக்கறதுக்குப் போற எடம். ஊருன்னா அப்பன் ஊரு."

சாலம்மாள் அடுப்புகிட்டருந்து, "ஆமாமா, பெக்கறதுக்குப் போற எடம். சத்தரம் பாரு, பெத்துப் போட்டுட்டு வந்தேன்"னா.

"நீ சும்மா இரு."

"ஏன் இருக்கணும்? இவள எங்க பெத்தேன்னு ஒங்களுக்கு நல்லாத் தெரியுமா, எனக்கு நல்லாத் தெரியுமா? அன்னிக்கு நீங்க காரிமங்கலம் சந்தைல மாடு பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஏ தெரசா, நான் வந்து சொல்றேன், கூட்டிக்கிட்டுப் போ."

"நீ சொன்னா செல்லாதாம்மா. அப்பா எழுதுனத அப்பா தான் மாத்தணுமாம்."

சாலம்மாள் "பெத்தது நானு, சாட்சி அவரு. நல்லாருக்குது ஒங்க மைசூரு"ன்னு வெறகத் தள்ளுனா.

அஞ்சு நாளு வூட்ல யாரும் அவருகிட்டப் பேசல. ஆறாவது நாளு, இருவத்தொம்போதாந் தேதி, அவரே துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, "வா, போலாம்"னாரு. தெரசாவுக்கு உசுரு வந்துச்சு. அன்னிக்குக் கையெழுத்தானா ராத்திரியோட ராத்திரியா கெளம்பி முப்பதாந் தேதி ஆபீசு தொறக்கறப்ப அங்க நிக்கலாம். தருமபுரி தாலுகாக் கச்சேரி வாசல்ல மனு எழுதறவரு அழகா எழுதிக் குடுத்தாரு: என் அறியாமையினால் தவறாக எழுதிவிட்டேன். சவுரியப்பன் 'அறியாமை'ங்கற எடத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

மாஜிஸ்திரேட் முன்னால கூப்ட்டாங்க. கைல வேதபுத்தகத்தக் குடுத்தாங்க.

"மவ எங்கய்யா பொறந்தா?"

"ஆனேக்கல்லீங்க."

"பாரத்துல என்ன எழுதுன?"

"எங்க ஊருங்க."

"அப்ப எழுதுனது தப்பு. சரி தான?"

சவுரியப்பன் புஸ்தகத்தப் பாத்தாரு. மவளப் பாத்தாரு. தெரசா கையக் கூப்பாத கொறையா நின்னா.

"இல்லீங்க."

"என்னய்யா இல்லீங்க?"

"வேதபுத்தகத்தத் தொட்டுக் கேக்கறீங்க. நான் தப்பா எழுதலீங்க. என் புள்ளைக்கு என் ஊரு தானுங்க ஊரு."

"அப்ப எதுக்குய்யா இங்க வந்த?"

"புள்ள கூப்ட்டா. வந்தேன்."

பேரு கூப்புடற டவாலி சிரிச்சான். மாஜிஸ்திரேட் காயிதத்தத் தூக்கி மேசையில போட்டு, "அடுத்த வாரம் யோசிச்சுட்டு வா, போ"ன்னாரு. அடுத்த வாரமாம்! நாளைக்கு முப்பது.

வெளிய வந்ததும், "காப்பி குடிக்கறயாம்மா?"ன்னு கேட்டாரு.

"வேணாம்ப்பா. ஒங்க கையெழுத்து பொழச்சிருச்சுல்ல, வாங்க வூட்டுக்குப் போலாம்."

அவருக்கு வருத்தம் இருந்துச்சு, இல்லாம இல்ல. ஆனா தப்புப் பண்ணிட்டமேங்கற வருத்தம் இல்ல. அது தான் தெரசாவுக்குத் தாங்கல. கெட்ட மனுசனா இருந்திருந்தா திட்டித் தீத்திருப்பா. இவரு ஒரு பொய் சொல்ல மாட்டாம அவளக் குழிக்குள்ள தள்ளுன மனுசன், இவர என்னன்னு திட்டறது?

பத்து நாள்ல மேட்ரனம்மா கிட்டருந்து ரெண்டு வரில கடுதாசி வந்துச்சு. பிரசவ வார்டுக்கு வேற பொண்ணப் போட்டாச்சாம். லிஸ்டுல ஒம்போதாவதா வந்த பொண்ணு. அவ அப்பனுக்கு அங்க வூடு இருக்குது.

ரெண்டு மாசம் போச்சு. தெரசா அரிசி பொடைச்சா. பக்கத்துத் தெருவுல ஒருத்திக்கு இடுப்பு வலி வந்தப்ப கூப்புடுவாங்கன்னு பாத்தா, கூப்புடல. கல்யாணம் ஆவாத பொண்ணு பிரசவம் பாக்கறதாவதுன்னுட்டாங்க. பெங்களூர்ல கல்யாணம் ஆவாதவ தான் பாக்கணும், இங்க ஆனவ தான் பாக்கணும்.

ஒரு நாளு சவுரியப்பன் ஆனேக்கல் போயிட்டு வந்தாரு. மூஞ்சில அப்பிடி ஒரு வெளிச்சம். கால் கூட அலம்பல, மவளக் கூப்ட்டாரு.

"ஏம்மா, மாப்ள பாத்துட்டேன். ராயப்பன்னு பேரு, ஒங்க மாமன் பொண்டாட்டிக்குத் தம்பி. பட்டுப்பூச்சி வளக்கறான், குடி கெடையாது. நீ அந்தச் சீமைல தான தங்கணும்னு அழுத? ஆயுசுக்கும் தங்கிக்க. காயிதம் வேணாம், கச்சேரி வேணாம், ஒரு பய கேக்க மாட்டான்."

குத்திக் காட்டறாரோன்னு தெரசா நிமிந்து பாத்தா. இல்ல, அவரு நெஜமாவே சந்தோசமா இருந்தாரு. மவ கேட்டத எப்பிடியோ தேடிக் கொண்டாந்துட்ட சந்தோசம்.

"அவ தங்கறதுக்கா கேட்டா? வேலைக்குல்ல கேட்டா,"ன்னா சாலம்மாள்.

"தங்குனா தான வேலை? எல்லாம் பின்னால பாத்துக்கலாம்."

கல்யாணம் ஆனவளுக்கு எந்த ரூம்பு ரூல்ல வேலை இருக்குதுன்னு அவருக்கு யாரு சொல்றது? தெரசா மொறத்த எடுத்துக்கிட்டு அரிசி பொடைக்க எந்திரிச்சுப் போயிட்டா. அத சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க.

அவங்க வழக்கத்துல கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கெழமை கோயில்ல ஓலை வாசிக்கணும். இன்னாரு மவளுக்கும் இன்னாரு மவனுக்கும் கல்யாணம், தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க சொல்லிருங்கன்னு. பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா அதுவும் தடை தான். சாமியார் வரலன்னா வாசிக்கறது உபதேசியாரு. அப்பனே நின்னு, தன் ஊருப் பேரக் கொஞ்சம் அழுத்தி, மவ ஓலைய ரெண்டு வாரம் வாசிச்சுட்டாரு. ரெண்டு தடவையும் பொம்பளைங்க பக்கம் உக்காந்திருந்த தெரசா தலையில முக்காட்ட இழுத்துப் புடிச்சுக்கிட்டா. ரெண்டு தடவையும் காலு எந்திரிக்கப் பாத்துச்சு.

நாளைக்கு மூணாவது. எந்திரிச்சு நின்னு, "எனக்கு இஷ்டமில்ல"ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், கல்யாணம் நின்னுரும். பீடத்துக்கு முன்னால அப்பன் தலை குனிஞ்சு நிப்பாரு. அந்த வார்டு மட்டும் திரும்பி வராது, அது அவளுக்கு நல்லாத் தெரியும். அப்பிடின்னாலும் அவ எந்திரிக்கணும் தானுங்க, இல்லீங்களா? நீங்க என்ன நெனைக்கறீங்க, சொல்லுங்களேன்?