பெயர் வெட்டிய டம்ளர்

"கண்ணாடிக்குத் தீட்டு கெடையாதுடா," என்றாள் கமலாட்சி. "நான் என்னா, அவன் ஊட்டுக்கே வரக் கூடாதுன்னா சொன்னேன்? வரட்டும். எல்லாரோடயும் உக்காரட்டும். எலையில துண்ணா எலையைச் சுருட்டி எறிஞ்சிடலாம். காபிக்கு மட்டும் அவனுக்குக் கண்ணாடி கிளாஸ். அவ்ளோதானே."

பூவராகவன் சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டிய பேச்சு கையில் இருந்தது.

"முப்பது பேரு நடுவுல அவனுக்கு மட்டும் கண்ணாடியா? எல்லாரும் பாப்பாங்கம்மா. அப்புறம் என் பேரு என்னாவறது?"

"அப்போ எல்லாருக்கும் கண்ணாடின்னு சொல்றியா? நான் என்ன டீக்கடையா வெச்சிருக்கறேன்? அலமாரி நெறய எவர்சில்வரை அடுக்கிக்கினு, வந்த புள்ளைங்களுக்குக் கண்ணாடியில குடுத்தா ஊரு சிரிக்கும்."

"அப்ப அவனும் எவர்சில்வர்லயே குடிக்கட்டும்."

"குடிக்கட்டும். குடிச்ச டம்ளரை அப்பால நான் எந்த அலமாரியில வெக்கறது? அதைச் சொல்லிட்டுப் போ."

நான்கு மாவட்டங்களில் பேச்சுப் போட்டிக்குப் போய் ஒரு முறைகூடத் திணறாத பூவராகவனுக்கு இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. கையிலிருந்த பேச்சைப் புரட்டிப் பார்த்தான். அதிலும் இல்லை.

அவன் பி.ஏ. கடைசி ஆண்டு. கல்லூரிப் பேச்சாளர் மன்றத்தின் செயலாளர். அப்பா பரசுராமனுக்குக் காஞ்சிவரம் மேற்கு ராஜவீதியில் பட்டுக் கடை. கூடத்து ஷோகேஸில் ஒரு வெள்ளி முலாம் பூசிய கோப்பை நின்றது. 'சாதியற்ற சமுதாயம்' என்ற தலைப்பில் பேசி வென்றது. அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவன் தாமல் காலனியிலிருந்து வந்து, அரசாங்க ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் முனிரத்தினம். எழுதியவன் ஒருவன், முழங்கியவன் ஒருவன். கோப்பையில் முழங்கியவன் பெயர்தான் இருந்தது. முனிரத்தினமும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

கல்லூரியில் நடந்த பிரிவுபசார விழாவில் ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டும் அரை கப் டீயும் கொடுத்து மூன்று ஆண்டு உறவை முடித்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் பூவராகவன், "தோழர்களே, வரும் ஞாயிறு மாலை என் இல்லத்தில் நமக்கு நாமே விழா" என்று அறிவித்துவிட்டான். வகுப்பில் முப்பது பேர். முப்பது பேரில் முனிரத்தினமும் ஒருவன் என்பது கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் அவன் நினைவுக்கு வந்தது.

கமலாட்சி காரியக்காரி. புதன்கிழமை காலையில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பாத்திரம் தேய்க்கும் அங்கம்மாளிடம் ஒரு டம்ளரைக் கொடுத்து, 'முனிரத்தினம்' என்று பெயர் வெட்டி வரச் சொல்லிக் கடைத்தெருவுக்கு அனுப்பினாள்.

"பேரு வெட்டிட்டா அது அவனுது ஆயிடுது. குடிச்சிட்டு எடுத்துக்கினு போவட்டும். பரிசு குடுத்த மாதிரியும் ஆச்சு, டம்ளரு ஊட்ல நிக்காம போனதும் ஆச்சு."

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் பூவராகவனுக்கு வியர்த்துவிட்டது. ஒருவனுக்கு மட்டும் பரிசு என்றால் ஏன் என்று கேட்பார்களே. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பத்தாவது நடையில் வழி பிறந்தது. எல்லோருக்கும் டம்ளர்; எல்லோர் பெயரும் வெட்டி.

பரசுராமன் முதலில் முகம் சுளித்தார். பிறகு யோசித்தார். முப்பது வீடுகள். எல்லாம் கல்யாண வயசுப் பிள்ளைகள். "பேருக்குக் கீழ நம்ம கடை பேரையும் வெட்டச் சொல்லு. டம்ளரு தேயற வரைக்கும் நிக்கும்" என்றார். இப்படியாக ஒரு தீட்டு அன்பளிப்பாகி, அன்பளிப்பு விளம்பரமாகி, அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் நிம்மதி உண்டாயிற்று.

செய்தியைக் கேட்ட வகுப்பு ஆரவாரித்தது. "கல்யாணத்துக்குப் போனாலே தேங்காதான் குடுக்கறாங்க. இவன் ஊட்ல காபியோட டம்ளரையே குடுக்கறாங்கப்பா" என்றான் வாலாஜாபாத் அரிசி மண்டிக்காரர் மகன் தணிகாசலம். பெயர்ப் பட்டியலை அழகான கையெழுத்தில் எழுதும் பொறுப்பு வழக்கம்போல் முனிரத்தினத்துக்கு வந்தது. எழுதினான். சனிக்கிழமை டம்ளர்களை வாங்கி வரும் பொறுப்பும் அவனுக்கே வந்தது. பூவராகவனுக்குப் பேச்சை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

முனிரத்தினம் சந்தோஷமாகத்தான் சைக்கிளை மிதித்தான். அவனுக்கும் பூவராகவன் வீட்டில் ஒரு காரியம் இருந்தது. சர்க்கார் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பம் போட உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவரின் நன்னடத்தைச் சான்று தேவை. தாமல் காலனியில் அவனுக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் யாருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. பரசுராமன் ஞாயிற்றுக்கிழமை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தத் தாள் இல்லாவிட்டால் வேலை இல்லை. பி.ஏ. பட்டத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு அப்பாவோடு ஏர் பிடிக்கப் போக வேண்டியதுதான்.

பாத்திரக்கடை வாசலில், சின்ன உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருந்த முனிசாமி கடைசி டம்ளரில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமா தம்பி, இந்த முனிரத்தினம் யாருப்பா?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

"ஏன்?"

"மொத மொதல்ல அந்த ஒரு பேருதான் வந்துச்சு. வேலைக்காரம்மா கொண்டாந்தது. 'அவுரு என்னா, மாப்பிள்ளையா?'ன்னு கேட்டேன். 'மாப்பிள்ளையாவது, காலனிப் புள்ளையாண்டான். அவன் வாய் வெச்ச டம்ளரு ஊட்ல தங்கக் கூடாதாம், அதான் பேரு வெட்டிக் குடுத்துடறாங்க'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சுது. மறுநாளு அந்த ஊட்டுப் பையன் தலை தெறிக்க ஓடியாந்து மீதி இருபத்தொம்போதையும் வெட்டுங்கன்னு குடுத்துது. ஒருத்தனை ஒதுக்கறதுக்கு இருபத்தொம்போது பேருக்குச் செலவு. நமக்கு இன்னா, கூலி வருது." முனிசாமி துணியால் டம்ளரைத் துடைத்து வைத்தார். "உன் பேரு இன்னா தம்பி? இதுல இருக்குதா?"

"இருக்குது" என்றான் முனிரத்தினம்.

திரும்பும்போது சாக்குப் பைக்குள் முப்பது டம்ளர்களும் கலகலவென்று ஓயாமல் பேசிக்கொண்டு வந்தன. அவனுக்குச் சோடா நினைவுக்கு வந்தது. மூன்று ஆண்டுகளில் எத்தனையோ முறை அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். மற்ற நண்பர்களுக்குக் காபி வரும். அவனுக்கு மட்டும் தெருமுனைக் கடையிலிருந்து கோலிச் சோடா. வெயிலில் நடந்து வந்தவன் என்று தனியாகக் கவனிக்கிறார்கள் என்று நினைத்து ஹாஸ்டலில் பெருமையடித்துக்கூட இருக்கிறான். சோடா புட்டி கடைக்குத் திரும்பிப் போய்விடும் என்பது இப்போதுதான் உறைத்தது. ரயில்வே கேட்டருகே நின்று சைக்கிளைத் திருப்பினான். பத்தடி போனான். விண்ணப்பத்தின் கடைசித் தேதி வரும் வெள்ளிக்கிழமை. மறுபடியும் திருப்பினான்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து முப்பது பேரும் உட்கார்ந்தார்கள். நாற்காலியில் தமிழ்ப் பேராசிரியர் இளங்கோவன். அவருக்கு மேல் ஒரு மின்விசிறி. மற்றவர்களுக்கு அது சுற்றும் சத்தம்.

தொடங்குமுன் பரசுராமன் சான்றிதழை வாங்கிப் படித்தார். 'இவரை மூன்று ஆண்டுகளாக நான் நன்கு அறிவேன். இவர் நல்லொழுக்கம் உள்ளவர். இவர் எனக்கு உறவினர் அல்லர்.' கடைசி வரியைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. கையெழுத்துப் போட்டுக் கடை முத்திரையையும் குத்தினார். முனிரத்தினம் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். சிறிது நேரம் கழித்து இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். மறுபடியும் தொட்டுப் பார்த்தான்.

பூவராகவன் எழுந்து, "சாதி என்பது சவக்குழி, சமத்துவம் என்பது சந்தனச் சோலை" என்று ஆரம்பித்தான். அதுவும் முனிரத்தினம் எழுதியதுதான். 'சோலை'க்கு எல்லோரும் கை தட்டினார்கள். எழுதியவனுக்கு மட்டும் அது யாரோ தெரியாத ஆள் எழுதியதுபோல் கேட்டது.

பிறகு ஒவ்வொருவரும் எழுந்து, கல்லூரியில் மறக்க முடியாதது எது, இனி என்ன திட்டம் என்று சொல்ல வேண்டும். ஒருவன் மெட்ராஸ் போய் வக்கீலுக்குப் படிப்பேன் என்றான். ஒருவன் பாங்கிப் பரீட்சை என்றான். வகுப்பிலிருந்த ஐந்து பெண்களும் ஜமக்காளத்தைப் பார்த்தபடி 'டீச்சர் டிரெய்னிங்' என்றார்கள். அவர்களில் அலமுவுக்கு ஆனியில் கல்யாணம் என்பது ஊருக்கே தெரியும். தணிகாசலம், "மூணு வருசத்துல நான் காலேஜுக்கு வந்த நாளை வெரல் விட்டு எண்ணிடலாம். ஆனா அட்டெண்டன்ஸ்ல என் நம்பர் வந்தா, எனக்காக 'உள்ளேன் ஐயா'ன்னு முனிரத்தினம் கொரல் குடுத்துடுவான். அதான் மறக்க முடியாது. இனிமே எங்க மண்டியில போர்டு எழுதணும், பி.ஏ.ன்னு" என்றான். பேராசிரியர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருவர் முகத்திலும் நாளை என்ன என்ற கவலை எட்டிப் பார்த்தது. யாருக்கும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

காபி வந்தது. பெயரைப் படித்துப் படித்து அவரவர் டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். தணிகாசலத்தோடு அழைக்காமலே வந்து ஒட்டிக்கொண்டிருந்த அவன் மாமன் மகனுக்கு டம்ளர் இல்லை. கமலாட்சி சிரித்த முகத்தோடு உள்ளே போய், அலமாரியிலிருந்து பெயரில்லாத டம்ளர் ஒன்றில் காபி கொண்டுவந்தாள். "குடிப்பா. குடிச்சிட்டு அங்கயே வெச்சிடு, நான் எடுத்துக்கறேன்."

முனிரத்தினம் அந்தப் பெயரில்லாத டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். காபி நன்றாகத்தான் இருந்தது.

"முனிரத்தினம், நீ ஒண்ணும் சொல்லலியே?" என்றார் பேராசிரியர்.

அவன் டம்ளரோடு எழுந்தான். மூன்று ஆண்டுகளாகப் பிறருக்குப் பேச்சு எழுதியவனுக்குத் தனக்கென்று எழுதிவரத் தோன்றவில்லை.

"எனக்குப் பெரிய திட்டம் ஒண்ணும் இல்ல சார். மறக்க முடியாததுன்னா இந்த ஊடுதான். ஐயா இப்பத்தான் எழுதிக் குடுத்தாரு, என்னை மூணு வருசமா நல்லா தெரியும்னு. அவ்ளோ தெரிஞ்சவனுக்கு இந்த ஊட்ல ஒரு டம்ளராவது இருக்க வேணாமா?" கமலாட்சியின் பக்கம் திரும்பினான். "இதை நான் எடுத்துக்கினு போவலம்மா. இங்கயே இருக்கட்டும். எப்ப காஞ்சிவரம் வந்தாலும் இங்க வந்து இதுலயே காபி குடிக்கறேன். வேலை கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி. அதான் திட்டம்."

டம்ளரை இரண்டு கைகளாலும் நீட்டினான். கமலாட்சி கை நீட்டவில்லை. பூவராகவன் தன் பேச்சுத்தாளைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் பேராசிரியர் இளங்கோவன் கண் கலங்கிவிட்டார். எதையும் உணர்ச்சியோடு தவறாகப் புரிந்துகொள்வதில் அவர் வல்லவர். "அருமை! பொருளை எடுத்துச் செல்லாமல் உறவை விட்டுச் செல்கிறான். பரசுராமன் ஐயா, இந்தக் குவளை உங்கள் இல்லத்தின் அணிகலன். அந்த வெற்றிக் கோப்பையின் பக்கத்திலேயே இருக்க வேண்டியது" என்று கழுவாத டம்ளரை வாங்கித் தம் கையாலேயே ஷோகேஸுக்குள் வைத்தார். இருபத்தொன்பது பேர் கை தட்டினார்கள். பரசுராமனும் தட்டினார், வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு அந்த டம்ளரை வெளியே எறிய முடியவில்லை. பேராசிரியர் எல்லாக் கூட்டத்திலும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். பட்டு வாங்க வந்தவர்கள்கூட, "அந்த டம்ளரு இருக்கற வீடு உங்களுதாங்களா?" என்று கேட்டார்கள். பரசுராமன், "ஆமாங்க, நாங்கல்லாம் வித்தியாசம் பாக்கறதில்ல" என்று சொல்லப் பழகிக்கொண்டார். கமலாட்சி அங்கம்மாளை விட்டு ஒரு கந்தைத் துணியால் அதை எடுத்துக் கழுவச் செய்து, மறுபடி உள்ளே வைக்கச் சொல்லிப் பூட்டினாள். சாவி அவள் இடுப்புக் கொத்தில் தொங்கியது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முனிரத்தினம். சலவைச் சட்டை. செங்கல்பட்டில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்துச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நேரே கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பரசுராமன் நலம் விசாரித்தார். பூவராகவன் கைகுலுக்கினான், அவனுக்கு இன்னும் வேலை இல்லை, கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறான்.

"வெயில்ல வந்திருக்கற. சோடா வாங்கியாரச் சொல்லட்டுமாப்பா?" என்றாள் கமலாட்சி.

"வேணாம்மா. காபி குடுங்க. அதோ என் டம்ளரு இருக்குதே."

எல்லோரும் ஷோகேஸைப் பார்த்தார்கள். கோப்பைக்குப் பக்கத்தில் அது பளபளவென்று இருந்தது. கமலாட்சியின் கை தன்னையறியாமல் இடுப்புச் சாவிக்கொத்தை முந்தானையால் மூடியது.

"அது... சாவி எங்கியோ காணலப்பா. ரெண்டு நாளா தேடிக்கினு இருக்கறேன்."

முனிரத்தினம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"பரவால்லம்மா, பொறுமையா தேடுங்க. நான் இன்னைக்கு லீவு. உக்காந்துக்கினு இருக்கறேன்."