பதினேழாம் எண்ணின் குறட்டை

ரத்தம் அடைத்து வைத்திருந்த கண்ணாடிக் குழாய்களில் பதினேழாம் எண் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் குறட்டை விட ஆரம்பித்தது. குழாய்களை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டியின் மோட்டார்தான் மக்கர் பண்ணுகிறது என்று ஆய்வகத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் பெட்டியைத் திறந்தார், காதை வைத்துக் கேட்டார், "மோட்டார் நல்லாத்தான் ஓடுது, உள்ள யாரோ தூங்குறாங்க" என்று சொல்லி, அதையே பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது குழாய்களும் குறட்டை விட்டன. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எச்.ஐ.வி. கிருமி லட்சம் செல்லில் ஒன்றிரண்டுக்குள் புகுந்து படுத்துத் தூங்குகிறது, மாத்திரை விழித்திருக்கும் கிருமியை மட்டும்தான் அடக்கும், தூங்குவதைத் தொடாது என்று இருபது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தானே அவர்கள். சொன்னது நிஜமாகவே காதில் விழுந்ததில் கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்.

தூங்கும் செல்களை மருந்து போட்டு எழுப்புவதுதான் அந்த ஆய்வகத்தில் ஒருத்திக்கு வேலை. எழுந்தால் உடம்பே அவற்றை அடையாளம் கண்டு தீர்த்துக்கட்டும் என்பது கணக்கு. அதனால் கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அலாரம். பதினோரு வருடத்தில் ஒரு செல்லைக்கூட உருப்படியாக எழுப்பாத அலாரம். கல்யாணப் பேச்சு எடுத்த உறவுக்காரர்களிடம், "நான் எழுப்ப வேண்டியவங்க இன்னும் எழுந்திரிக்கல, அதுவரைக்கும் லீவு கிடையாது" என்பாள். அவர்கள் ஏதோ நர்ஸ் வேலை என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

பதினேழின் குறட்டை அவளுக்குத் தெரிந்த குறட்டை. இரண்டு சின்ன இழுப்பு, அப்புறம் பிரஷர் குக்கர் மாதிரி ஒரு நீண்ட விசில். ஒரே பாயில் படுத்து வளர்ந்த தம்பியின் குறட்டை அது. லிஃப்ட் ரிப்பேர் செய்யும் தம்பி, பத்தொன்பது வருடமாக எச்.ஐ.வி.க்குத் தினம் மாத்திரை விழுங்குகிறவன், இந்த ஆய்வில் சேர்ந்ததை அவளிடம் சொல்லவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. குழாயில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. அவள் வாயைத் திறந்தால் அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள். அவள் திறக்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு அக்காவும் தம்பியும் ஒருவரிடம் ஒருவர் நான்கு வருடம் இதை மறைத்தார்கள்.

அந்த நான்கு வருடத்தில் ஆறு மருந்துகள் வந்தன. ஒவ்வொன்றையும் ஆய்வில் சேர்ந்தவர்களுக்குப் போட்டு, அவர்கள் ரத்தத்தைக் குழாயில் எடுத்துப் பார்த்தார்கள். முதல் ஐந்தில் குறட்டை இன்னும் சுகமாகக் கேட்டது. ஆறாவது மருந்தில் குழாய்கள் ஒவ்வொன்றாகத் தும்மின, இருமின, அடங்கின. கடைசியில் பதினேழாம் குழாயில் சத்தமே இல்லை. கிருமியை எண்ணும் கருவி பூஜ்யம் என்றது. தலைமை ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலாரம் மட்டும் குழாயைக் காதோடு வைத்தபடி நின்றாள். ஏனென்றால் அந்தக் குறட்டை எப்போது நிற்கும் என்று உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். தம்பி தூங்கும்போது நிற்காது. தூங்குவது போல நடிக்கும்போதுதான் நிற்கும்.

அன்று சாயங்காலம் அவன் ஸ்பானரைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே வந்தான்.

"அக்கா, ஒரு விஷயம். திட்டக் கூடாது. நான் உங்க ஆராய்ச்சியில இருக்கேன். என்கிட்ட ஒண்ணுமே மிச்சம் இல்லையாம். அடுத்த வாரம் மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"நிறுத்தித்தான் ஆகணுமாடா?"

"என்னக்கா இப்படிக் கேக்குற? ஒரு நாளாவது வெறும் மனுஷனா இருந்து பாக்கணும். எவகிட்டயாவது எல்லாத்தையும் சொல்லி, அவ எழுந்து போகாம இருந்து பாக்கணும்."

அவள் தட்டில் சோறு போட்டாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். சொல்ல வேண்டியதைத் தவிர மற்ற எல்லாம் செய்தாள்.

பதினெட்டு வாரம் அவன் விசிலடித்துக்கொண்டு லிஃப்ட் ரிப்பேர் பார்த்தான். வாராவாரம் ரத்தம் எடுத்தார்கள், வாராவாரம் பூஜ்யம். அவளும் கொஞ்சம் கொஞ்சமாக நம்பினாள். காது என்ன பெரிய கருவியா என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டாள். பத்தொன்பதாம் வாரம் காய்ச்சல் வந்தது. ரிசல்ட்டில் கிருமி லட்சக்கணக்கில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன், எத்தனை பேர் முழிச்சிருக்காங்க என்று கேட்டான். ஒரே ஒருத்தன் முழிச்சாலே போதும்டா என்றாள். அப்புறம் அங்கேயே, குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, குழாய் அடங்கியது வெறும் நடிப்பு என்று அன்றே தனக்குத் தோன்றியதைச் சொன்னாள்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னை வெளிய அனுப்பிடுவாங்கன்னு நாலு வருஷம் சொல்லல. அன்னைக்கு..." அவள் அவன் போர்வையை இழுத்துவிட்டாள். "அன்னைக்கு நீ சந்தோஷமா இருந்தடா."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் பேசவில்லை. மாத்திரையை மறுபடி ஆரம்பித்தான். கிருமிகள் மறுபடி தூங்கப் போயின. அவள் எல்லாவற்றையும் எழுதித் தலைமை ஆய்வாளரிடம் நீட்டினாள். அவர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளை அந்த நாற்பது குழாய்களிடமிருந்து விலக்கி வேறு அறைக்கு அனுப்பினார். சத்தமில்லாத குழாய் எதையும் இனிமேல் பூஜ்யம் என்று எழுதக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

இந்த முறை குறட்டை குழாய்க்குள் மட்டும் இருக்கவில்லை. அவன் விழித்துக்கொண்டு, நின்றுகொண்டு, பேசிக்கொண்டு இருக்கும்போதே அவன் சட்டைக்குள்ளிருந்து கேட்டது. அவன் வேலை பார்த்த பத்து மாடிக் கட்டிடத்தில் இருந்தவர்கள் ஒரு வாரம் புகார் சொன்னார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். அவன் உள்ளே இருந்தால் லிஃப்டில் ஏறுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், குழந்தையின் கீச்சிடும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் அவள் அவனைத் தேடிக்கொண்டு அங்கே போனாள். லிஃப்டில் ஏறி, பக்கத்தில் நின்று, ஏழாவது மருந்து ஒன்று வந்திருப்பதாகவும், மாத்திரையை நிறுத்தாமலே போட்டுக்கொள்ளலாம் என்றும், இதுவும் பலிக்காமல் போகலாம் என்றும் மெல்லிய குரலில் சொன்னாள். மூன்று மாடி வரை குறட்டை மட்டும் கேட்டது.

"எதுக்குக்கா குசுகுசுன்னு பேசுற? சத்தமா பேசு," என்றான்.

அவள் சத்தமாகப் பேசினாள். தொண்டை கிழியப் பேசினாள். மருந்தைப் பற்றி ஆரம்பித்து, அவன் சாப்பிடாமல் போட்டுவிட்டுப் போன மூன்று மாதச் சோற்றைப் பற்றித் திட்டி, நடுவில் அழுது, மறுபடி மருந்துக்கு வந்தாள். ஏழாவது மாடியில் காய்கறிப் பையோடு ஒரு அம்மா ஏறினார். இத்தனை கூச்சலிலும் யார் இப்படித் தூங்குவது என்று கேட்டார்.

"என்னோட ஆளுங்கதாம்மா. எழுப்பிக்கிட்டிருக்கோம்," என்றான் தம்பி.

அந்த அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, தரைத்தளத்துக்குப் பொத்தானை அழுத்தினார்.