இரண்டு பேருக்கான வீடு

ஜிபார் சின்ன வீட்டின் கதவைத் திறந்தாள். மறுபடியும் வந்திருந்தன.

சிவப்பு, பச்சை, ஊதா. மடித்து அடுக்கிய பஞ்சு மெத்தைகள், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கூரையை முட்டப் பார்க்கும் உயரத்துக்கு. நேற்று மாலை அவளே சுமந்துபோய்க் கொட்டகையில் போட்டவை. மெத்தைகளுக்குக் கால் கிடையாது. ஆகவே குற்றவாளி ஒருத்திதான்.

"அக்கா!"

கலிசா அந்தப் பக்கமாகத் தற்செயலாக வந்தவள் போல் காலி வாளியோடு போய்க்கொண்டிருந்தாள். ஜிபாரின் கணவன் உலானின் அக்கா.

"என்ன, எங்க வீட்டு மருமகளே?"

"இது ரெண்டு பேருக்கான வீடு. எத்தனை தடவை சொல்றது?"

"ரெண்டு பேர் வந்தா, அவங்களைப் பாக்க நாலு பேர் வர மாட்டாங்களா? அநாதைங்களுக்கா வீடு கட்டியிருக்கே?"

"வர்றவங்க நிம்மதியா இருக்கத்தான் வர்றாங்க."

"நிம்மதியா இருக்கணும்னா கல்லறைக்குப் போகட்டும். அங்க ஏரியும் தெரியும்."

ஜிபார் முதல் நாலு மெத்தைகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். மதியம் முதல் விருந்தாளிகள் வருகிறார்கள். சண்டை போட நேரமில்லை.

போஸ்தேரி கிராமத்தில் ஏரிக்கரையில் வீடு வாடகைக்கு விடாதவர்களே கிடையாது. ஜிபாரும் உலானும்தான் கடைசி. உலானின் லாரியை விற்ற காசில் மூன்று வீடுகள் வந்தன. பத்துப் பேருக்குப் பெரியது, நாலு பேருக்கு நடுத்தரம், இரண்டு பேருக்கு இந்தச் சின்னது. குளிர்காலம் முழுக்க ஜிபார் கைப்பேசியில் ஊர் ஊராக வாடகை வீடுகளின் படங்களைப் பார்த்துப் பாடம் படித்தாள். பெரிய வீட்டில் எதை வைத்தாலும் அடங்கும். அங்கே நீள மேசை, பெஞ்சுகள், அடுக்குக் கட்டில்கள். நடுத்தர வீட்டில் பிள்ளைகள் தலையை இடித்துக்கொள்ளாதபடி முனை மழுங்கிய மேசை. சின்ன வீடுதான் பரீட்சை. அங்கே வைப்பது பெரிதல்ல, வைக்காமல் இருப்பதுதான் பெரிது. ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வெள்ளைத் திரை. கட்டில் வாசலில் நுழையவில்லை. ஜன்னல் சட்டத்தைக் கழற்றி உள்ளே இறக்கினார்கள்.

எல்லாம் ஆகிவிட்டது. ஆள்தான் வரவில்லை. ஜூன் முடியப்போகிறது. மூன்று வீடும் காலி.

ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்கிலிருந்து, முன்பு உலானோடு லாரி ஓட்டிய குபாத் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். லாரியில் ஓர் இருக்கை காலி, உலான் வருகிறானா இல்லையா? சனிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கெடு. உலான் ஏற்கெனவே நாலு குளிர்காலங்களை ரஷ்யச் சாலைகளில் தொலைத்தவன். போன முறை வீட்டுக்கு வந்தபோது விளக்கு சுவிட்ச் எங்கே என்று மகள்தான் அப்பாவுக்குக் காட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்ற ஜிபார், இனி இவனை அனுப்புவதில்லை என்று அன்றே முடிவு செய்தாள்.

"முதல்ல வர்றவங்க நெட்ல நல்லபடியா நாலு வரி எழுதினா போதும், மத்தவங்க வந்துடுவாங்க" என்றாள் அவனிடம்.

"எழுதலன்னா?"

இன்று அந்தச் சனிக்கிழமை.

மதியம் வந்தார்கள். பெர்மெத், அசீஸ். கல்யாணமாகி ஒரு மாதம் ஆகாத ஜோடி, தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து. பெண் உள்ளே நுழைந்தாள், வெள்ளைத் திரையை விலக்கினாள், ஏரியைப் பார்த்தாள். "ஐயோ, எவ்வளவு இடம்!" என்றாள்.

ஜிபாருக்கு அழுகை வரும் போலிருந்தது. ஒரே அறை, இடம் என்றாள்! வேலியோரம் நின்ற கலிசாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். கலிசா வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெர்மெத் செய்த தப்பு ஒன்றே ஒன்று. ஜன்னலைப் படம் பிடித்துக் கைப்பேசியில் எல்லோரும் பார்க்கப் போட்டாள்.

மூன்று மணி நேரத்துக்குள் வாசலில் இரண்டு வேன்கள்.

முதல் வேனிலிருந்து வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு ஒரு பெரியவர் இறங்கினார். பின்னால் பெண்கள், பிள்ளைகள், மாவுப் பாத்திரம், கடைசியில் கயிற்றில் ஓர் ஆடு.

"பெர்மெத்! நம்ம ஏரிக்கு வந்துட்டு, த்யூப் ஊர்ல இருக்கற மாமாகிட்ட சொல்லாம ஒளிஞ்சுக்கறியா? படத்துல இருக்கற மலையை எனக்குத் தெரியாதா? அந்த மலையிலதான் அம்பது வருஷமா ஆடு மேய்க்கறேன்!"

பெர்மெத் ஜிபாரின் கையைப் பிடித்தாள். "அக்கா, யாருக்கும் தெரியாம ரெண்டு நாள் இருக்கலாம்னுதான் வந்தோம். இப்ப உக்காரக்கூட இடமில்ல. மாமா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்."

மாமா அதற்குள் உள்ளே போய்விட்டார். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரோரம் மூத்தவர் உட்காரும் இடம். அங்கே கட்டில் இருந்தது. அவர் கட்டிலைப் பார்த்தார், இரண்டு நாற்காலிகளைப் பார்த்தார், பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

உலான் பதறிக்கொண்டு ஓடி வந்தான். "மாமா, பெரிய வீடு காலியாத்தான் இருக்கு. அங்க பெஞ்சு, மேசை எல்லாம்..."

"பொண்ணு எந்த வீட்ல இறங்கியிருக்காளோ அங்கதான் ரொட்டி பிய்ப்போம். பக்கத்து வீட்ல உக்காந்தா நாங்க யாரு, பக்கத்து வீட்டுக்காரங்களா?"

போச்சு. நாலு வரி போச்சு, கோடை போச்சு, உலானும் ரஷ்யாவுக்குப் போனமாதிரிதான். ஜிபார் வெளியே வந்தாள்.

வேலியோரம் கலிசா நின்றுகொண்டிருந்தாள். புருஷன் செத்ததும் தம்பி வீட்டுக்குத் திரும்பியபோது அவள் கொண்டுவந்தது இந்த மெத்தைகளை மட்டும்தான். தன் வீட்டுக்கென்று தானே தைத்தவை. அடுக்கி வைக்க ஒரு சுவர் கிடைக்காமல் அத்தனையும் சாக்குமூட்டைக்குள் கிடந்தன. இது ஜிபாருக்குத் தெரியும். தெரிந்துதான் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது அந்த முகத்தை நேராகப் பார்ப்பது கஷ்டமாயிருந்தது.

"அக்கா. மெத்தை வேணும்."

"எத்தனை?"

"எல்லாம்."

குத்தலாக ஒன்று வரும் என்று ஜிபார் காத்திருந்தாள். கலிசா வாளியைக் கீழே போட்டாள். ஓடினாள். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று யாரும் நினைத்ததில்லை.

மற்றது நொடியில் நடந்தது. அசீஸும் உலானும் ஜன்னல் சட்டத்தைக் கழற்றினார்கள். வந்த வழியே கட்டில் வெளியேறி ஆப்ரிகாட் மரத்தடியில் நின்றது. நாற்காலிகள் பின்னால் போயின. தரையில் மெத்தைகள் விரிந்தன, சுவரைச் சுற்றி, இரட்டை வரிசையாக. எதிர்ச் சுவரோரம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கலிசா கையால் தட்டினாள்.

"மாமா, இங்க."

அவர் உட்கார்ந்தார். மெத்தையின் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "கைத்தையல்" என்றார். பிறகுதான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். "எல்லாரும் வாங்க! இடம் நெறைய இருக்கு!"

இருந்தது. இரண்டு பேருக்கான அறையில் பதினேழு பேர், மடியில் பிள்ளைகள் தனி. வெளியே கொப்பரையில் கறி வெந்தது. போர்சோக் மாவுத் துண்டுகள் பொரிந்து நடு விரிப்பில் குவிந்தது. ஜன்னலில் சட்டம் இல்லாததால் ஏரிக்காற்று தடையில்லாமல் வந்தது. ஜிபார் தேநீர் ஊற்றிக்கொண்டே வந்தவள், பெர்மெத்தின் கையில் எதையோ வைத்து மூடினாள். பெரிய வீட்டுச் சாவி.

"இவங்க கிளம்பினதும் நீங்க ரெண்டு பேரும் அங்க போயிடுங்க. பத்துக் கட்டில் இருக்கு. எதுல வேணா தூங்குங்க."

பெர்மெத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெயில் சாய்ந்து மலை சிவந்தது. உலான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எல்லோருக்கும் கறி அரிந்துகொண்டிருந்தான். மாமா எலும்பைச் சுவைத்தபடி கேட்டார். "தம்பி, ஆகஸ்ட்ல என் பையன் கல்யாணம். கஜக்ஸ்தான்லேருந்து சம்பந்தி ஆளுங்க வர்றாங்க. மத்த ரெண்டு வீட்லயும் இதே மாதிரி மெத்தை இருக்கா?"

உலான் ஜிபாரைப் பார்த்தான். ஜிபார் கலிசாவைப் பார்த்தாள்.

"தைச்சா இருக்கும்" என்றாள் கலிசா.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. உலானுடையது; குபாத் சொன்ன கெடு நேரம். அவன் அரிவதை நிறுத்தினான். ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தான், அங்கே இல்லை. மறுபடி அடித்தது, எங்கோ பஞ்சுக்குள் அமுங்கிய குரலில். விருந்தாளிகள் தங்கள் சட்டைப் பைகளைத் தடவிப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை ஒரு பாட்டுப் பாடலாமே! ஏன் வாயில கறியா?" கலிசா உரக்கக் கத்தினாள். உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. அவள் முழங்காலுக்கு அருகே சிவப்பு மெத்தையின் மடிப்புக்குள் நீல வெளிச்சம் விட்டு விட்டுத் துடித்தது.

ஜிபார் பார்த்துவிட்டாள். தான் பார்த்ததைக் கலிசா கவனித்துவிட்டாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

உலான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அசீஸ் தொண்டையைச் செருமிப் பாட ஆரம்பித்தான். வெளியே மரத்தடியில், வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலின் மேல் பிள்ளைகள் ஏரியைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஜிபார் தேநீர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் வழி பண்ணிக்கொண்டு வந்தாள்.

"தள்ளி உக்காருங்க அக்கா" என்று சொல்லி, அந்தச் சிவப்பு மெத்தையின் மேல், கலிசாவோடு ஒட்டி உட்கார்ந்தாள்.