பெரிய வாசல்

செத்துப்போன அம்மா சவுரியம்மாளின் ஈரத் தலையைப் புனிதா துவட்டிக்கொண்டிருந்தபோது பங்குச் சாமியார் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பூசை மூணு மணிக்கும்மா. பெட்டிய மட்டும் பக்கவாட்டு வாசல் வழியா கொண்டாந்துடுங்க. வழக்கம் அதானே."

"எவன் வழக்கம் சாமி?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சாவு வீட்ல தகராறு வேணாம்னு பார்க்கறேன்."

போன ஞாயிறுதான் இதே ஆள், கிறிஸ்துவுக்குள் மேல் கீழ் கிடையாது என்று முக்கால் மணி நேரம் முழங்கியிருந்தார். மைக்கை அணைத்தால் கூடவே அணைந்துவிடும் விசுவாசம். புனிதாவுக்குச் சிரிப்பு வந்தது.

சவுரியம்மாள் திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், காலனிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய ஓரத்தில் முழந்தாளிட்டு, பக்கவாட்டு வாசல் வழியாகவே திரும்பி வந்தாள். அந்தப் பொறுமையைப் புனிதா மன்னித்ததில்லை.

மூன்று மணிக்குத் தம்பி தென்னரசும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் நடந்த புனிதா பக்கவாட்டுக்குத் திரும்பாமல் நேராகப் பெரிய வாசலுக்குப் போனாள். படியில் ஊர்த்தெரு ஆண்கள் ஏழெட்டுப் பேர் மறித்து நின்றார்கள். நடுவில் அந்தோணிசாமி.

"புதுசா என்ன பழக்கம்? அந்தாண்ட போங்க."

"சிலுவைய மட்டும் நல்லா பெருசா மாட்டிக்கினு இருக்கற," என்றாள் புனிதா, அவன் கழுத்தைப் பார்த்து.

தென்னரசுக்கு மூச்சு இரைத்தது. உள்ளே பீடத்தருகே சாமியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது ஆண்களை விலக்கிக்கொண்டு இருதயமேரி வந்தாள். அந்தோணிசாமியின் தாய். முட்டி வலியால் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினாள்.

"வழிய வுடுடா."

"நீ உள்ள போம்மா."

"உங்கப்பன் கொரோனாவுல செத்தப்ப, நீ ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய நின்னுக்கினு போன்ல பேசுன. அவரு வாயத் தொடச்சி, கண்ண மூடி, துணி சுத்துனது இவதான். அன்னிக்கி எந்தத் தெருன்னு கேட்டியா? வாராவாரம் பூசையில நன்மை அப்பம் வாங்குறேன்டா. இவள வெளிய நிக்க வெச்சிட்டு இனிமே அது என் தொண்டையில எறங்காது."

அவள் பெட்டியின் முன்முனையில் கை கொடுத்தாள். அந்தோணிசாமி தரையைப் பார்த்தான். முதலில் ஒருவன் நகர்ந்தான். பிறகு மற்றவர்கள், முணுமுணுத்தபடி.

பெட்டி பெரிய வாசலுக்குள் நுழைந்து நடுப்பாதையில் போனது. சாமியார் ஓடிவந்து தீர்த்தம் தெளித்தார், முதலிலிருந்தே அதைத்தான் விரும்பியவர்போல. புனிதா அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஊர்த்தெருக்காரர்களில் பாதிப்பேர் எழுந்து வெளியேறினார்கள். காலியாகக் கிடந்த முன்வரிசையில் புனிதா உட்கார்ந்தாள். இருதயமேரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இத்தினி வருஷமா அவகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன் கண்ணு."

"உசுரோட இருக்கச்சே வந்திருக்கணும்."

இருதயமேரி பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் முட்டியை நீவினாள்.

புனிதா பீடத்தைப் பார்த்தபடியே பெஞ்சில் ஒரு ஆள் அளவு நகர்ந்தாள்.